தஞ்சை அரண்மனைச் சரித்திரம் – 12: குடிவந்த தெய்வங்கள்

சென்ற அத்தியாயத்தை, 1859 ஆம் ஆண்டில் லண்டன் பிரிவி கௌன்ஸிலில் தஞ்சை ராணியார் காமாட்சி பாயி சாகேபாவின் வழக்குத் தோற்றுப்போன இடத்தில் நிறுத்தியிருந்தோம். 1855 அக்டோபர் கடைசியில் இரண்டாம் சிவாஜி மகாராஜா ஆண் சந்ததியின்றிக் காலமானதும், மறு வருஷமே கும்பினியார் சிப்பாய்களைக் கொண்டு அரண்மனையை வளைத்துக் கஜானாவுக்கும் நகைப் பெட்டிகளுக்கும் முத்திரை வைத்ததும், ராஜ்யத்தை நீங்கள் எடுத்துக்கொண்டாலும் என் புருஷனுடைய சொந்த உடைமையை எடுத்துக்கொள்ள உங்களுக்கு என்ன பாத்தியதை என்று மூத்த ராணியார் சென்னைச் சுப்ரீம் கோர்ட்டில் கேட்டு வெற்றி பெற்றதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். பிரிவி கௌன்ஸில் அந்த வெற்றியை ஒரே வீச்சில் துடைத்துவிட்டது. இது ஓர் அரசாங்கம் அரசாங்கம் என்ற முறையில் செய்த காரியம்; அது நியாயமா, அநியாயமா என்று விசாரிக்க எந்த நீதி ஸ்தலத்துக்கும் அதிகாரமில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நெடுங்காலம் ஒரு வீட்டில் வாழ்ந்தவர்களின் பெட்டி சாவியைப் பிடுங்கிக்கொள்வதற்குச் சட்டத்தில் எவ்வளவு கௌரவமான வார்த்தைகள் இருக்கின்றன என்று வியந்துகொண்டுதான் அந்தத் தீர்ப்பை நான் படித்து முடித்தேன்.

கோர்ட்டில் உரிமையாகக் கிடைக்காதது 1862 இல் இந்திய சர்க்காரின் தயவாகக் கிடைத்தது. சொந்த உடைமைகள் ராணிமாரிடம் திருப்பித் தரப்பட்டன. ஆனால் அரசு போன வீட்டில் பொருள் மட்டும் எத்தனை நாள் நிற்கும்? ஆயுதசாலையிலிருந்த வாள்களிலும் கட்டாரிகளிலும் தேர்ந்தெடுத்தவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. சரஸ்வதி மகாலின் ஏடுகளை மட்டும் கலைமகள் கைவிடவில்லை. பர்னல் துரை அவற்றிலுள்ள சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை தயாரித்து 1880 இல் வெளியிட்டார். 1918 இல் அந்தப் புத்தகசாலை பொதுமக்களுக்குரியதாயிற்று. மற்றபடி, வாரிசுகளிடையே நடந்த பாகப்பிரிவினை வழக்குகளையும், ஒழுகிய கூரைகளையும், இடிந்த மதில்களையும் வருஷவாரியாக எழுதி வாசகர்களின் பொறுமையைச் சோதிக்க எனக்கு விருப்பமில்லை. ஆகையால் இந்த அத்தியாயத்தில் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டைத் தாண்டிக் குதித்து, 1951 ஆம் ஆண்டில் இந்த மாளிகைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களைப் பற்றிச் சொல்லப் போகிறேன். அதற்காகவே சென்ற மாதம் தஞ்சைக்கு ஒரு நடை போய் வந்தேன்.

கீழ ராஜ வீதியில், பாத்திரக் கடைகளும் சைக்கிள்களும் மாட்டு வண்டிகளும் நெரியும் இடத்தில் வண்டியை விட்டிறங்கி, அரண்மனை வாயிலுக்குள் பிரவேசித்தவுடன், வெளியிலிருந்த கூச்சல் யாரோ கதவைச் சாத்தினாற்போல் அடங்கிப் போகிறது. உள்முற்றத்துக்கு வந்து தலையை நிமிர்த்தினால், கூடகோபுரம் எட்டு நிலைகளோடு 190 அடி உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் அதன் வடிவத்தைத் தூரத்திலிருந்து பார்க்கும் வெளியூரார் அதை ஒரு கோயில் விமானமென்றே எண்ணிக் கன்னத்தில் போட்டுக்கொள்வதுண்டு. உள்ளே சந்நிதி கிடையாது, விக்கிரகமும் கிடையாது. காவலர் நின்று நாற்றிசையும் நோக்கவும், ஆயுதங்களைச் சேர்த்து வைக்கவும் பயன்பட்ட கட்டடம் அது. ஆனாலும் நாயக்க மன்னர்கள் தங்கள் ஆயுதசாலைக்குக்கூட ஆலயத்தின் உருவத்தையே கொடுத்துக் கட்டினார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும். அப்படிக் கட்டிய வீட்டுக்கு முந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு தெய்வங்களே குடிவந்தது தற்செயலென்று சரித்திரக்காரன் சொல்லித்தான் ஆகவேண்டும். முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்க்கும்போது அப்படிச் சொல்ல மனம் வருவதில்லை.

பக்கத்திலேயே நிற்கும் மாடமாளிகையைப் பற்றி ஊரார் ஒரு கதை சொல்வார்கள். விஜயராகவ நாயக்கர் நாள்தோறும் அதன் உச்சியில் ஏறி நின்று ஸ்ரீரங்கத்துக் கோபுரத்தைத் தரிசித்த பிறகே போஜனத்துக்கு உட்காருவாராம். கர்ண பரம்பரைக் கதைதான். இருந்தாலும், சாளரங்கள் கண் கண்ணாகத் திறந்திருப்பதால் தொள்ளைக்காது மண்டபம் என்று ஜனங்கள் செல்லப்பேர் வைத்த அந்தக் கட்டடத்தின் அடியில் நின்றுகொண்டு, பசியோடு படியேறும் ஒரு கிழ அரசரைக் கற்பனை செய்யாமல் இருக்க முடியவில்லை.

இந்த மாளிகையின் அதிபதிகளாக இருந்தவர்களில் இந்த மண்ணிலேயே முளைத்தவர் ஒருவரும் இல்லை என்பதை இதுவரை வந்த அத்தியாயங்களைத் தொடர்ந்து படித்தவர்கள் கண்டிருப்பார்கள். 1532 வாக்கில் விஜயநகரத்துச் சக்கரவர்த்தியின் உறவினராகி, அந்த உறவின் சீதனம்போல் சோழ மண்டலத்தைப் பெற்றவர் செவ்வப்ப நாயக்கர். அவருடைய தாய்மொழி தெலுங்கு. அவருடைய பேரர் ரகுநாதர் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் காவியம் செய்தார். ஆனால் தரங்கம்பாடிக் கடற்கரையில் இடம் கேட்டு வந்த டேனிஷ்காரர்களுடைய அரசருக்கு 1620 இல் பொன்னேட்டில் கடிதம் எழுதவேண்டி வந்தபோது அதைத் தமிழில் எழுதுவித்தார். 1673 இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படையெடுப்பில் விஜயராகவர் மடிந்தார். தப்பிப் பிழைத்த அவர் வம்சத்துச் சிறுவன் செங்கமலதாசனுக்குப் பட்டம் கட்டி வைப்பதற்காகப் பீஜப்பூர்ச் சுல்தானால் அனுப்பப்பட்டு வந்தவர் மராட்டியர் ஏகோஜி. வழக்கைத் தீர்க்க வந்த மத்தியஸ்தர் வீட்டையே எடுத்துக்கொண்ட கதைதான்; அவருடைய சந்ததியார் சற்றேறக்குறைய 180 வருஷம் இங்கே இருந்தார்கள். பிறகு கும்பினியார், அவர்களுக்குப் பின் முத்திரைகள், பூட்டுகள், புறாக்கள்.

சோழர்களைப் பற்றி ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் தஞ்சையையும் உறந்தையையும் கொளுத்தினான். ராஜராஜன் உண்டு உறங்கிய மாளிகையில் நாம் தொட்டுப் பார்க்கக்கூடிய ஒரு சுவரும் மிஞ்சவில்லை. தங்கள் தெய்வங்களுக்குக் கல்லில் வீடு கட்டிய சோழ அரசர்கள் தங்களுக்குக் கல்லில் வீடு கட்டிக்கொள்ளவில்லை. அவர்கள் காலத்துத் தெய்வங்களோ, அவர்களுக்கு ஐந்நூறு ஆண்டு பின்வந்த நாயக்கர்களுடைய செங்கல் கட்டடத்தில் இன்று ஒண்டுக்குடியாக இருக்கின்றன.

அவை எப்படி வந்தன என்பதைச் சொல்வதற்கு முன், மண்ணுக்குள் எப்படிப் போயின என்பதைச் சொல்லவேண்டும். 1311 இல் மாலிக் காபூர் தெற்கே வந்ததும், அதைத் தொடர்ந்து மேலும் படைகள் வந்ததும் பாடப் புத்தகத்தில் இருக்கும் செய்திகள். அந்தச் செய்தி ஊர் ஊராக முன்னே ஓடிவந்தபோது, சோழ நாட்டுக் கோயில்களில் அர்ச்சகர்களும் ஊர்ப் பெரியவர்களும் என்ன செய்திருப்பார்கள்? கல் மூலவரை எடுத்துக்கொண்டு ஓட முடியாது. ஆனால் உற்சவ மூர்த்திகள் எடுத்துச் செல்வதற்கென்றே வார்க்கப்பட்டவை. பிராகாரத்தின் ஒரு மூலையிலோ, நந்தவனத்திலோ இரவோடிரவாகக் குழி தோண்டி, மணல் பரப்பி, மூர்த்திகளை வரிசையாகப் படுக்க வைத்து, மேலே மண்ணைத் தள்ளி, ஒன்றுமே நடவாததுபோல் அதன்மேல் நடந்து தரையைச் சமப்படுத்தியிருப்பார்கள். இடம் நாலைந்து பேருக்கு மட்டுமே தெரிந்திருக்கும். கலகம் அடங்கிய பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்பது எண்ணம். பல ஊர்களில் புதைத்தவர்கள் திரும்பி வரவில்லை.

அறுநூறு ஆண்டு கழித்து, கிணறு வெட்டுகிறவனுடைய கடப்பாரையோ, உழுகிறவனுடைய கொழுவோ ‘ணங்’ என்று எதிலோ முட்டும். அந்தக் கணத்திலிருந்து அந்த மூர்த்தி 1878 ஆம் வருஷத்திய புதையல் சட்டத்தின் ஆட்சிக்குள் வந்துவிடுகிறது. நிலத்தில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாக அகப்படும் எந்தப் பொருளையும் கண்டெடுத்தவர் ஜில்லா கலெக்டருக்குத் தெரிவிக்கவேண்டும் என்பது சட்டம். ஆகவே, ஒருகாலத்தில் ஊரே வடம் பிடித்து இழுத்த தேரில் பவனி வந்த சுவாமி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட பொருள் என்ற தகுதியில் தாலுகா கச்சேரிக்கு வந்து, கஜானாவில் முத்திரைத் தாள்களோடும் அபின் பெட்டிகளோடும் அடைபட்டுக் கிடப்பார். முன்பெல்லாம் அங்கிருந்து பெரும்பாலும் சென்னை அருங்காட்சியகத்துக்கே பயணம். கல் சிற்பங்களின் நிலை இன்னும் மோசம். அவை புதையவுமில்லை, ஒருவர் கண்ணிலும் படவுமில்லை. வயல் வரப்பில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்த விஷ்ணுவை நானே பார்த்திருக்கிறேன்.

இந்த நிலையில்தான் 1951 ஆம் ஆண்டு வந்தது. கல்கத்தா அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஒருவர் தாராசுரத்தில் கேட்பாரற்றுக் கிடந்த சில சிற்பங்களை எடுத்துப் போக முயன்றதாகவும், அதுவரை அவற்றைத் திரும்பியும் பாராத ஊர் ஜனங்கள் அப்பொழுது கூடிநின்று, கொடுக்கமாட்டோம் என்று தடுத்ததாகவும் சொல்வார்கள். (எனக்கு இந்தக் கதையில் நம்பிக்கை உண்டு. நம் வீட்டுத் திண்ணையில் கிடக்கும் உரலின் அருமை, அடுத்த வீட்டுக்காரர் கேட்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது.) அதே சமயத்தில் ஜில்லா கலெக்டர் டி. கே. பழனியப்பன் கரந்தைப் பக்கம் சுற்றுப்பிரயாணம் செய்தபோது, அங்கே அநாதையாக இருந்த ஒரு பிரமன் சிலையைக் கண்டார். வெளியூருக்குப் போகவேண்டாம், இருந்த இடத்திலும் கெடவேண்டாம், தஞ்சை அரண்மனையிலேயே வைத்துவிடலாம் என்ற யோசனை பிறந்து, சர்க்காரின் சம்மதமும் கிடைத்தது. அவருடைய காலத்தில் ரெவினியூ இலாகாவில் உத்தியோகம் வகித்தவர், பின்னாளில் ‘வேங்கடம் முதல் குமரி வரை’ எழுதிய தொ. மு. பாஸ்கரத் தொண்டைமான். ஜமாபந்திக்குப் போன ஊரிலெல்லாம் கணக்குப் புத்தகத்தோடு கோயில் புழக்கடையையும் பார்த்துவிட்டு வருகிற அதிகாரி ஒருவர் அமைவது அந்த ஜில்லாவின் பாக்கியம். கிராமங்களிலிருந்து சிற்பங்களைச் சேகரித்துக் கலைக்கூடத்தை உருவாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. வண்டி வண்டியாகத் தெய்வங்கள் வந்து இறங்கின.

நல்ல வேளையாக, ஏறக்குறைய அந்தச் சமயத்திலேயே திருவெண்காட்டு மண்ணும் வாய் திறந்தது. சீர்காழிக்குத் தென்கிழக்கே, கடலுக்குச் சமீபமாக உள்ள அந்த ஊரில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்ட செப்புத் திருமேனிகளில் அர்த்தநாரீசுவரர் சென்னைக்குப் போய்விட்டார். கலியாணசுந்தரரும், ரிஷபவாகன தேவரும், அவர் தேவியும், வேறு சிலரும் தஞ்சையில் தங்கினார்கள். அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கலைக்கூடத்துக்கு இவ்வளவு பெயர் வந்திராது.

செப்புத் திருமேனிகள் இருக்கும் மண்டபத்துக்குள் நுழைந்தேன். பெரிய பெரிய தூண்கள்; இரண்டு பேர் கை கோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத பருமன். கல்லல்ல, செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். அவற்றுக்கு நடுவே நடராஜ மூர்த்திகள் வரிசையாக நிற்கிறார்கள். கோயிலில் ஆடவல்லான் ஒருவனே. அவனுக்கென்று ஒரு சபை, அவனுக்கென்று ஒரு திரைச்சீலை. இங்கேயோ ஒவ்வொரு ஊர் நடராஜரும் அடுத்த ஊர் நடராஜரின் தூக்கிய திருவடியைப் பார்த்துக்கொண்டு ஆடவேண்டியிருக்கிறது. ஒருவருடைய ஜடை விரிந்திருக்கிறது, இன்னொருவருக்கு விரியவில்லை. ஒருவருடைய முயலகன் வலியால் முகம் சுளிக்கிறான், இன்னொருவருடைய முயலகன் தாலாட்டில் கிடப்பதுபோல் கிடக்கிறான். தில்லையில் நின்று தரிசித்தபோது எனக்குத் தோன்றாத ஒப்புநோக்கும் புத்தி இங்கே தானாக வந்துவிட்டது. அது லாபமா நஷ்டமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கோயிலில் பட்டும் மாலையும் கவசமும் போர்த்திய உற்சவரிடத்தில் நாம் காண்பது முகம் ஒன்றைத்தான். அதுவும் தீபாராதனை வெளிச்சத்தில், முன்னால் நிற்பவர் தலைக்கு மேலாக. சிற்பி மெழுகில் பிடித்த இடுப்பின் வளைவையும், பூணூல் மார்பில் புரண்டு விழும் லாகவத்தையும், மேகலையின் முடிச்சையும் அபிஷேகம் செய்யும் குருக்கள் ஒருவரே அறிவார். ஆகவே, ஆயிரம் வருஷத்துக்கு முன் செய்த வேலையை முழுதாகப் பொதுஜனங்கள் பார்ப்பது அநேகமாக இதுதான் முதல் தடவை. அதற்குக் கொடுத்த விலை என்னவென்று பீடங்களைப் பார்த்தால் தெரிகிறது. ஒவ்வொரு பீடத்திலும் வாகனத்தோடு பிணைப்பதற்கும் தண்டு செருகுவதற்குமாக வளையங்களோ துளைகளோ இருக்கின்றன. ஒரு துளையில் விரல் நுனியை வைத்துப் பார்த்தேன், காவற்காரர் இருமினார், எடுத்துவிட்டேன். உள்விளிம்பு கயிறு உராய்ந்து உராய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது.

ரிஷபவாகன தேவரின் எதிரில் எனக்கு முன்பே ஒருவர் வந்து நின்றுகொண்டிருந்தார். முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற வேட்டி, தோளில் ஈரிழைத் துண்டு, காதில் சிவப்புக் கடுக்கன், விரல் நகங்களில் மெழுகுக் கறுப்பு. சுவாமிமலை ஸ்தபதி என்று அவர் சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கையில் ஒரு தென்னங்கீற்றுத் துண்டை வைத்துக்கொண்டு அதை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தார். அவர்கள் குலத்தில் அதுதான் அளவுகோல்; விக்கிரகத்தின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, அதைத் தாளக் கணக்குப்படி மடித்துக் குறி செய்துகொண்டால், முகம் இவ்வளவு, மார்பு இவ்வளவு, முழங்கால் இவ்வளவு என்று கீற்றே சொல்லிவிடும். சிவபெருமானுக்கு உத்தம தசதாளம், 124 பங்கு. தேவிக்கு மத்திம தசதாளம், 120 பங்கு. இந்த நாலு பங்கு வித்தியாசத்தில்தான் அம்மையின் தலை ஐயனின் தோளுக்கு அருகில் வந்து நிற்கும் என்று எண்ணினால் தவறு. உருவங்களின் உயரமே வேறு. அவரவர் உயரத்தை எத்தனையாகப் பங்கிடுவது என்பதுதான் தாளம். இதை எனக்குப் பொறுமையாக விளக்கியவர் அவரே.

மூன்றரை அடி உயரமிருக்கலாம் அந்தத் திருமேனி. கால்மேல் காலை மாற்றி ஊன்றி, உடலின் பாரத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஒரு கையைத் தொடையருகே தொங்கவிட்டு, மற்றொரு கையை மடித்துப் பக்கத்தில் காளை நிற்பதுபோல் ஊன்றியிருக்கிறார். நாலு கையும் மழுவும் மானும் இல்லை. இரண்டே கைகள், நம்மைப்போல. ஜடையைத் தலைப்பாகையாகச் சுற்றிக் கட்டியிருக்கிறார். உற்றுப் பார்த்தால் அந்தச் சுற்றுகளுக்கிடையே பாம்புகளும் இழைந்து கிடக்கின்றன. மாடு மேய்க்கப் போன இளைஞன் மத்தியானத்தில் சற்று ஓய்ந்து நிற்கும் நிலை அது. ராஜராஜன் பெரிய கோயில் விமானத்தின்மேல் கலசம் வைத்தது 1010 இல். இந்த மூர்த்தி திருவெண்காட்டில் எழுந்தருளியது 1011 இல் என்றும், தேவி அடுத்த வருஷம் வந்து பக்கத்தில் நின்றாள் என்றும் அவ்வூர்க் கல்வெட்டுகளைக் கொண்டு சொல்கிறார்கள். தலைநகரில் வானளாவக் கல்லை அடுக்கிக்கொண்டிருந்த அதே நாட்களில், சோழ நாட்டின் கிழக்கு மூலையில் யாரோ ஒருவன் தேன்மெழுகையும் குங்கிலியத்தையும் சேர்த்துக் காய்ச்சி, அது ஆறுவதற்குள் இந்தத் தோளைப் பிடித்திருக்கிறான். அவன் பெயரை யாரும் கல்லில் வெட்டவில்லை.

“பின்னாலே வந்து பாருங்க ஐயா,” என்றார் ஸ்தபதி. ஒருக்களித்து எட்டிப் பார்த்தேன். முதுகு! தண்டின் பள்ளம் கழுத்திலிருந்து மெல்ல இறங்கி, இடையில் ஆடையின் மடிப்புக்குள் மறைகிறது. ஜடையின் சுருள்கள் பிடரியில் புரள்கின்றன. முன்புறத்துக்குச் செலுத்திய கவனத்தில் குன்றிமணி அளவும் பின்புறத்தில் குறையவில்லை.

“இதை யார் பார்க்கப் போறாங்கன்னு விட்டுடலாம்தானே?” என்று கேட்டேன்.

“எப்படி விடறது? புறப்பாட்டிலே சாமிக்குப் பின்னாலேதான் வேதபாராயண கோஷ்டி வரும். அவங்களுக்கு முதுகுதானே தரிசனம்?” என்றார் அவர். அதுவரை எனக்கு இது தோன்றவே இல்லை.

அவரை அப்படியே விட்டுவிட்டு, கலியாணசுந்தரரைப் பார்க்கப் போனேன். இறைவன் அம்மையின் வலக்கையைப் பற்றியிருக்கிறான்; திருமால் கன்னிகாதானம் செய்து கொடுக்கிறார்; திருமகள் அண்ணி முறையில் மணப்பெண்ணை முன்னே செல்லும்படி தூண்டிக்கொண்டு நிற்கிறாள். இந்தப் பார்வதியின் குனிந்த தலையைப் பற்றி எழுதாத ஆசிரியர் இல்லை. ஆகவே நான் எழுதப்போவதில்லை. அவள் கையை மட்டும் பாருங்கள். பிடித்த கைக்குள் அது அடங்கியும் அடங்காமலும், பிடியை இறுக்காமலும் விலக்காமலும் இருக்கிறது. நம் வீட்டுக் கலியாணங்களில் பாணிக்கிரகணத்தின்போது புகைக்கு நடுவே பார்க்கும் கை அதுதான்.

கல் சிற்பங்களின் பகுதியில் தாராசுரத்திலிருந்து வந்த கஜசம்ஹார மூர்த்தி இருக்கிறார். யானையின் தலைமேல் ஒரு கால். மற்றொரு கால் உள்ளங்கால் நமக்குத் தெரியும்படி முறுக்கித் தூக்கியிருக்கிறது. உரித்த தோலை விரித்துப் பிடித்த கைகளுக்கு நடுவே உடல் திருகிய வேகத்தில், கல்லுக்கு எலும்பு உண்டோ என்று சந்தேகம் வருகிறது. ஓரத்தில் அம்மை குழந்தையை இடுப்போடு அணைத்துக்கொண்டு அஞ்சி ஒதுங்குகிறாள். செம்பில் செய்வதைக் கல்லில் செய்ய முயன்ற காலத்து வேலை இது. இரண்டாம் ராஜராஜன் காலத்துத் தச்சர்களின் சாமர்த்தியத்தை நான் வியக்கிறேன், ஆனால் திருவெண்காட்டு அமைதியை விட்டு இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

சரித்திரம் எழுதுகிறவன் நெடுநேரம் நிற்கவேண்டிய இடம் வேறொன்று. தாராசுரத்திலிருந்தே வந்த, அழகில் சுமாரான ஒரு துவாரபாலகர். உடற்கட்டும் ஆபரணங்களும் நம் நாட்டு வழக்கத்தில் இல்லை. ஆனால் பீடத்தில் தமிழ் எழுத்து. விஜயராஜேந்திரன் என்று பட்டம் சூடிய முதலாம் ராஜாதிராஜ சோழன், சாளுக்கியரின் தலைநகரமான கலியாணபுரத்தை அழித்து அங்கிருந்து கொண்டுவந்தது இது என்று அந்த எழுத்து அறிவிக்கிறது. பதினோராம் நூற்றாண்டின் நடுவில் வெற்றிப் பொருளாகக் கர்நாடக தேசத்திலிருந்து இவர் வந்தார். தாராசுரத்துக் கோயிலோ அதற்கு நூறு வருஷம் பின்னால் கட்டப்பட்டது. ஆகையால் இடையிலே எங்கோ ஒரு வாசலில் காவல் நின்றுவிட்டுத்தான் தாராசுரத்துக்குப் போயிருக்கவேண்டும். அங்கிருந்து இப்பொழுது தஞ்சைக்கு. யாருடைய வாசலைக் காக்கச் செய்தார்களோ அந்த வாசல் தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்பே சாம்பலாயிற்று; இவர் மட்டும் கதையை ஊன்றிக்கொண்டு ஊர் ஊராக வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஒரு தேசத்துச் சிற்பத்தை இன்னொரு தேசத்தான் எடுத்துப் போய்க் காட்சிக்கு வைப்பதை ஐரோப்பியர் கண்டுபிடித்த வழக்கமென்று நினைப்பவர்கள் இந்தப் பீடத்து எழுத்தை ஒருமுறை படித்துவிட்டு வரலாம்.

வேறு விதமான பிரயாணிகளும் இங்கே உண்டு. 1955 இல் தரங்கம்பாடிக் கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தின் எலும்புக் கூட்டையும் இந்த அரண்மனையிலேயே கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கலியாணசுந்தரரை ஓட்டமாகக் கடந்து அங்கேதான் போய் நிற்கிறது. ரகுநாதர் டேனிஷ்காரர்களுக்குக் கொடுத்த கடற்கரை, முந்நூற்று முப்பத்தைந்து வருஷம் கழித்து அவர் வீட்டுக்கு அனுப்பிய பதில் மரியாதை என்று நான் வைத்துக்கொண்டேன்.

கடைசியாக, வீட்டுக்காரரையும் பார்த்துவிடலாமென்று சரபோஜி மகாராஜாவின் சலவைக்கல் சிலையினிடம் போனேன். மராட்டிய முறைக் கூர்முனைத் தலைப்பாகை, கூப்பிய கரங்கள். லண்டனில் புகழோடு இருந்த பிளாக்ஸ்மன் என்ற சிற்பியின் வேலை. அந்தச் சிற்பி மகாராஜாவையும் பார்த்ததில்லை, இந்தியாவையும் பார்த்ததில்லை. சிவகங்கைத் தோட்டத்து மாதாகோயிலில், மரணப் படுக்கையிலிருக்கும் சுவார்ட்ஸ் பாதிரியாரின் கையை மகாராஜா பற்றி நிற்பதாக உள்ள சிற்பமும் அவர் செய்ததே. குருவுக்காகச் சீடர் செய்வித்தது. 1799 ஆம் வருஷத்து உடன்படிக்கையில் ராஜ்யபாரம் முழுவதையும் கும்பினியாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கோட்டைக்குள் மட்டும் ராஜாவாக இருந்தவர் இவர். ஆள்வதற்கு நாடு இல்லாததால் புத்தகம் சேர்த்தார், அச்சுக்கூடம் வைத்தார், கண் வைத்தியம் பார்ப்பித்து நோயாளிகளின் கண்களைச் சித்திரமாக எழுதி வைத்தார். அவற்றுக்கெல்லாம் தனி அத்தியாயம் காத்திருக்கிறது. இப்பொழுது சொல்லவேண்டியது, அந்தச் சலவைக்கல்லின் வெண்மை இந்த மண்டபத்தில் எதனோடும் ஒட்டவில்லை என்பதுதான். சுற்றிலும் எல்லாம் எண்ணெயும் சந்தனமும் ஊறிக் கறுத்த பொருள்கள். இவர் ஒருவர் மட்டும், தம் வீட்டிலேயே விருந்தாளியைப்போல, கை கூப்பியபடி நிற்கிறார்.

மணி ஐந்தடித்தது. காவற்காரர் சாவிக் கொத்தை வேண்டுமென்றே குலுக்கிக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது, ஸ்தபதி இன்னும் அதே இடத்தில் நிற்பதைக் கண்டேன். இப்பொழுது அவர் மூர்த்தியைப் பார்க்கவில்லை. மூர்த்திக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். திருவெண்காட்டு மண் சுவாமியையும் தேவியையும் கொடுத்தது, காளையைக் கொடுக்கவில்லை. அந்த மடித்த கை ஊன்றியிருப்பது வெறும் காற்றில்.

ஸ்தபதி ஓலையைக் கை நீளத்துக்கு நீட்டிப் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கி, முகத்தின் அளவுக்கு ஒரு மடிப்பு மடித்தார். அந்த மடிப்பைப் பாதத்திலிருந்து மேல்நோக்கி, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே நகர்த்தினார். மடித்த கையின் தொங்கும் விரல்களுக்கு நேராக வந்ததும் நிறுத்தி, அங்கே நகத்தால் கீறினார்.

“என்ன கணக்கு?” என்றேன்.

“கை எவ்வளவு உயரத்திலே இருக்குன்னு தெரிஞ்சா, கைக்குக் கீழே என்ன நின்னுதுன்னு தெரிஞ்சுடும் ஐயா. கொம்பிலே கை வெச்சா விரல் இப்படி இருக்காது. பாருங்க, எவ்வளவு தளர்வா விட்டிருக்கார்! நெத்திக்கும் திமிலுக்கும் நடுவிலே, கழுத்து மேட்டிலேதான் வெச்சிருக்கணும். நல்ல உசந்த ஜாதிக் காளை.”

காவற்காரர் விளக்கை அணைத்தார். வாயிலைத் தாண்டிக் கீழ ராஜ வீதியின் இரைச்சலுக்குள் வந்த பிறகு, ஸ்தபதி கீற்றின் கீறலிட்ட இடத்தில் ஒரு முடிச்சுப் போட்டு, அதை இன்னொருமுறை இழுத்து இறுக்கிவிட்டு, இடுப்பு மடியில் செருகிக்கொண்டு, கும்பகோணத்து பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

(தொடரும்)